பின்பக்கத்தில் டெக் போடலாமா? பெங்களூர் வீட்டுக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

பெங்களூரில் வீட்டு பிளான் வரைந்து பிழைக்கிறவன் நான். அல்சூரிலிருந்து ஹொரமாவு வரை சொந்தக்காரர்கள், அவர்களுடைய பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று யாராவது ஒருவர் இதே சந்தேகங்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கல்யாணப் பந்தியில்கூட விடுவதில்லை. இலை போட்டுச் சாம்பார் வருவதற்குள் சொல்லி முடிகிற விஷயமில்லை இது. அதனால் கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே எழுதி வைத்துவிட்டேன்.

டெக்குன்னு ஒருத்தர் சொல்றார், பேட்டியோன்னு இன்னொருத்தர் சொல்றார். ரெண்டும் ஒண்ணுதானே?

ஒன்றில்லை. தரையிலேயே கல்லோ டைல்ஸோ பாவினால் அது பேட்டியோ. பாட்டி வீட்டுக் கொல்லையில் துவைக்கிற கல்லைச் சுற்றிப் பாவியிருப்பார்களே, அதுவும் அந்த இனம்தான். சட்டம் அடித்து, அதன்மேல் இடைவெளி விட்டுப் பலகை பொருத்தினால் டெக்.

பார்க்கிற கண்ணுக்கு ஒன்று கல், ஒன்று மரம். மழைக்கு அந்தக் கணக்கு தெரியாது. பேட்டியோவில் தண்ணீர் மேலேயே ஓடிப் போக வேண்டும். டெக்கில் இடுக்கு வழியாகக் கீழே விழுந்து, அங்கே இருக்கிற தரையில் ஓடிப் போக வேண்டும். ஆகவே டெக் போடுகிறவர் உண்மையில் இரண்டு தரை போடுகிறார். அதில் ஒன்று கண்ணுக்குத் தெரியாது. அந்தத் தெரியாத தரையை மறந்தவர்கள்தான் இரண்டு வருஷம் கழித்து எனக்குப் போன் செய்கிறார்கள்.

எங்களுது 30-க்கு 40 அடி சைட். பின்னாடி நாலடிதான் இருக்கு. இதுல என்ன பண்ண முடியும்?

சாப்பாட்டு மேஜை ஆசையை முதலில் விட்டுவிடுங்கள். ஆறு பேர் உட்காரும் மேஜை மூன்றுக்கு ஐந்தடி. நாற்காலியை இழுத்து எழுந்துபோகச் சுற்றிலும் மூன்றடி. ஆக மொத்தம் ஒன்பதுக்குப் பதினோரு அடி. உங்கள் சைட்டில் அந்த அளவு இடம் கார் நிற்கிற இடத்தில்தான் இருக்கும்.

ஆனால் காம்பவுண்டு சுவரை ஒட்டி ஒரு கல் பெஞ்சு தாராளமாகக் கட்டலாம். 16 அங்குல அகலம், 18 அங்குல உயரம். அது போக 32 அங்குலம் மிஞ்சும். கையில் வாளியோடு ஒருவர் போய் வரலாம். வாசலில் இருந்த திண்ணையைப் பின்னால் கொண்டுவந்த மாதிரிதான். சுவர் பக்கத்து வீட்டுக்கும் பொதுவானது என்றால் பெஞ்சை அதோடு பிணைக்காமல் தன் காலில் நிற்கும்படி கட்டுங்கள். பின்கதவு வெளிப்பக்கம் திறக்கிறதா என்றும் பாருங்கள். அப்படி என்றால் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் முட்டியில் தினமும் கதவு இடிக்கும். உள்பக்கம் திறக்கும்படி மாற்றிவிடுங்கள்.

யுடிலிட்டி பின்னாடிதான் இருக்கு. பாத்திரம் கழுவறது, துணி காயப்போடறது எல்லாம் அப்புறம் எங்க போகும்?

இந்தப் பக்கத்திலேயே நல்ல கேள்வி இதுதான். ஆண்கள் என்ன பலகை என்று கேட்பார்கள். இதைக் கேட்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். பெங்களூர் வீட்டில் பின்பக்கம் சும்மா கிடக்கிற இடமில்லை. வாஷிங் மெஷின், பாத்திரத் தொட்டி, துணிக்கொடி, காலி கேஸ் சிலிண்டர், துடைப்பம், வெயில் காலத்தில் வடாம் காயும் பாய் என்று எல்லாம் அங்கேதான் குடியிருக்கிறது. படத்தில் பார்த்த டெக்கில் இவை எதுவுமே இருக்காது.

நான் யாருக்கு வரைந்தாலும் முதலில் ஒரு வாரம் அந்த இடத்தைக் கவனிக்கச் சொல்வேன். எத்தனை மணிக்கு யார் வருகிறார்கள், என்ன செய்கிறார்கள், எத்தனை மணிக்கு வெயில் போகிறது என்று ஒரு தாளில் குறித்தால் போதும். கே.ஆர். புரம் பக்கம் ஒரு வீட்டில் அப்படிக் குறித்தபோது, காலை ஆறரையிலிருந்து பத்து வரை அந்த இடம் முழுக்க வேலைக்காகவே போனது. சாயங்காலம் ஐந்துக்கு மேல்தான் பிள்ளைகள் வந்தார்கள். ஒரே இடத்துக்கு இரண்டு ஷிஃப்ட். அங்கே நிரந்தரமாகச் சோபா போட்டிருந்தால் காலை ஷிஃப்டில் அதன்மேல் ஈரத் துணிதான் கிடந்திருக்கும். மடக்கு நாற்காலியும் சுவர் பெஞ்சும் வைத்தோம், வேலை முடிந்தது.

தரையில் மட்டும் ஒரு கண்டிப்பு. சோப்புத் தண்ணீர் விழும் இடத்தில் பலகை வேண்டாம். யுடிலிட்டிக்குக் கல் தரை, மற்ற தரையைவிட இரண்டு அங்குலம் தாழ்வாக, தனி வடிகாலோடு. நடுவில் நாலரை அடி உயரத்துக்கு ஜாலி, அதாவது ஓட்டை விட்ட தடுப்பு, வைத்துக் கட்டினால் உட்கார்ந்திருப்பவருக்குப் பாத்திரக் குவியல் தெரியாது, காற்றும் நிற்காது. கொடிக்கு, கயிறு இழுத்தால் மேலே ஏறும் கப்பி வகை வாங்குங்கள். ஆனால் அதன் தலைக்கு மேல் வெயில் வர வேண்டும். எல்லா இடத்தையும் மூடிவிட்டு, துணி நாறுகிறது என்று ஆகஸ்டில் சொல்லிப் பயனில்லை.

எங்க பின்பக்கம் மேற்கு. சாயங்காலம் உட்காரவே முடியாதுன்னு சொல்றாங்களே?

மார்ச், ஏப்ரலில் நாலு மணிக்கு முடியாதுதான். ஆனால் பெங்களூர் கடல் மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேல் இருக்கிற ஊர். சூரியன் விழுந்ததும் சென்னை மாதிரி சுவர் அனல் கக்கிக்கொண்டிருக்காது. ஆறரைக்கு மேல் மேற்குக் கொல்லைதான் சுகம். பலரும் செய்கிற தப்பு, தலைக்கு மேல் கூரை போட்டு மேற்கு வெயிலைத் தடுக்கப் பார்ப்பது. அந்த வெயில் சாய்வாகக் கண்ணுக்கு நேரே வரும். அதற்குத் தேவை நிற்கிற மறைப்பு: மூங்கில் தட்டி, கம்பியில் ஏற்றிய கொடி, அல்லது ஏற்கனவே அங்கே நிற்கிற முருங்கை.

என்னைக் கேட்டால் மேற்கைவிட வடக்குக்குத்தான் பயப்பட வேண்டும். பெங்களூர் 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்டு நடுவிலும் நடுப்பகலில் சூரியன் நேர் உச்சியில் இருக்கும். அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் கொஞ்சம் வடக்கே சாயும். டிசம்பரிலோ தெற்கே இறங்கி, உச்சி வேளையிலும் 53 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். 22 அடி உயர இரண்டு மாடி வீட்டின் நிழல் அப்போது வடக்கே 16 அடி நீளும். உங்கள் பின்பக்கம் வடக்கு, அகலம் ஆறடி என்றால் குளிர்கால மாதங்களில் அந்தத் தரை நடுப்பகல் வெயிலையே பார்க்காது. ஈரம் காயாது, பாசி பிடிக்கும். அங்கே மரம் வேண்டாம்.

மழைத் தண்ணிதான் பலகை இடுக்குல கீழ போயிடுதே, அப்புறம் என்ன கவலை?

நானும் இதைத்தான் நினைத்தேன். என் வீட்டில் முதலில் போட்ட டெக் வெறும் செம்மண்ணின் மேல் கட்டை வைத்து அடித்த பைன் பலகை. அடுத்தவர் வீட்டுக்கு வரைந்து கொடுப்பவனுக்குத் தன் வீடு என்றால் ஒரு அலட்சியம். செப்டம்பர் வந்தது. பலகை ஓரத்தில் வரிசையாகக் காளான் முளைத்தது. என் மகள் அதைப் பள்ளி புராஜெக்டுக்குப் படம் எடுத்துக்கொண்டு போனாள். அடுத்த மழைக்குள் நடுப்பலகை காலோடு உள்ளே போனது.

பெங்களூரில் வருஷத்துக்குச் சராசரியாக 970 மி.மீ. அளவுக்கு மழை. அதிகம் பெய்வது செப்டம்பரில். அதற்கு முன்னால் மே மாதத்து இடிமழை வேறு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை என்றால் ஒரு லிட்டர் தண்ணீர். பத்துக்குப் பத்தடி டெக்கில் ஒரு சாயங்காலம் 50 மி.மீ. கொட்டினால் சுமார் 465 லிட்டர். அவ்வளவும் பலகைக்குக் கீழே போகிறது. போய் எங்கே நிற்கிறது என்பதுதான் கேள்வி.

ஆகவே கண்ணுக்குத் தெரியாத தரைக்கும் சரிவு வேண்டும்: பத்தடிக்கு ஒன்றேகால் அங்குலம், வீட்டைவிட்டு வெளிப்பக்கமாக. கடைசியில் ஒரு வாய்க்கால். வாய்க்கால் முடிகிற இடம் மழைநீர் இறங்கும் குழியாக இருந்தால் உத்தமம். 30-க்கு 40-உம் அதற்கு மேலும் உள்ள சைட்டில் புதிதாகக் கட்டும் வீட்டுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால், அந்தக் குழி எப்படியும் தேவை. யு.ஜி.டி. என்கிற பாதாளச் சாக்கடையின் சேம்பருக்குள் மழைத் தண்ணீரை விடாதீர்கள். பெரிய மழையில் அது எதிர்த்துக்கொண்டு உங்கள் பாத்ரூமிலேயே வரும்.

மண்ணு மேல நேரா கல் பதிச்சா போதாதா? மேஸ்திரி பி.சி.சி. போட்டே ஆகணும்ங்கறார்.

கல்லின் கனத்தைப் பொறுத்தது. 20 மி.மீ. கல் என்றால் மேஸ்திரி சொல்வது சரி. கீழே நாலு அங்குலம் பி.சி.சி., அதாவது கம்பி கட்டாத சாதா கான்கிரீட், இல்லாவிட்டால் நாற்காலிக் கால் அழுத்தத்திலேயே விரியும். இரண்டு அங்குலத்துக்கு மேல் கனமான பலகைக்கல் என்றால், நன்றாக இடித்த ஜல்லியின் மேல் எம் சாண்ட் (கல்லை உடைத்துச் செய்த மணல்) பரப்பி நேராகப் பதிக்கலாம். கன்னடத்தில் சப்படிக் கல்லு என்பார்களே, அந்த மாதிரி கல். இடுக்கில் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும், ஒரு கல் அமுங்கினால் அதை மட்டும் தூக்கிச் சரிசெய்யலாம். எனக்கு இந்த முறைதான் பிடிக்கும். கான்கிரீட்டில் ஒட்டிய கல்லை உடைக்காமல் எடுக்க முடியாது.

எதுவானாலும் கீழே இருப்பது எந்த மண் என்று பார்த்துக்கொள்ளுங்கள். வீடு கட்டியவர்கள் மிஞ்சிய செங்கல் துண்டு, பிளாஸ்டர், சிமெண்டு மூட்டை எல்லாவற்றையும் பின்னால் தள்ளி மேலே செம்மண் மூடியிருப்பார்கள். மூன்றடி தோண்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். அப்படியானால் அதை எடுத்துவிட்டு, ஆறு அங்குலம் ஆறு அங்குலமாக மண் நிரப்பி, தண்ணீர் விட்டு இடித்து ஏற்ற வேண்டும். புது வீடு என்றால் ஒரு மழைக்காலம் போகட்டும். அமுங்குவது அமுங்கிய பிறகு கல் பதிக்கலாம்.

வீட்டுக்குள்ள போட்ட கிரானைட் மிஞ்சிக் கிடக்கு. அதையே வெளிய போட்டுடலாமா?

பாலிஷ் போட்ட கிரானைட்டா? வேண்டவே வேண்டாம். ஈரமானால் கண்ணாடி. பெரியவர் ஒருவர் வழுக்கி விழுந்தால் ஆகிற செலவில் மூன்று பேட்டியோ போடலாம்.

தேவனஹள்ளிப் பக்கத்துச் சாதரஹள்ளிச் சாம்பல் கிரானைட் இந்த ஊருக்கே உரிய கல். அதை நெருப்பால் சொரசொரப்பாக்கிய ஃப்ளேம்டு ஃபினிஷில் வாங்குங்கள். கோட்டா கல்லும் பாலிஷ் இல்லாமல் சொரசொரப்பாகவே கிடைக்கும். கடப்பா கறுப்பு, ஏப்ரல் மதியம் வெறுங்காலை வைக்க முடியாது, போகப் போகச் செதில் செதிலாக உரியவும் செய்யும். செட்டிநாட்டு ஆத்தங்குடி டைல்ஸ் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் அது கண்ணாடியில் வார்த்து எடுக்கிற வழவழப்பு. கூரைக்குக் கீழே, சாரல் படாத இடத்தில் போட்டு அழகு பாருங்கள்.

மரம்னா எது? தேக்கு கட்டுப்படியாகாது. டபிள்யூ.பி.சி. நல்லதுன்னு கடைக்காரர் சொல்றார்.

டபிள்யூ.பி.சி. என்பது மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து வார்த்த பலகை. கறையான் சீக்கிரம் அண்டாது, எண்ணெய் பூச வேண்டியதில்லை. கடைக்காரர் சொல்வது அதுவரை சரி. சொல்லாமல் விடுவது: வெயிலில் மரத்தைவிட அதிகம் சுடும், சூட்டில் நீளும், அதனால் சுவரோரம் இடம் விடாமல் பொருத்தினால் பாம்பு மாதிரி நெளியும், உள்ளே கூடாக இருக்கும் மலிவு ரகம் ஓரத்தில் விரியும். பலகையைத் தாங்கும் சட்டம் 12 அங்குலத்துக்கு ஒன்றாவது வேண்டும். ஒரு அங்குல மரப் பலகைக்கு 16 அங்குலம் போதும்.

மரம்தான் வேண்டும் என்றால் தேக்குக்கு அடுத்து வேங்கை. இங்கே ஹொன்னே என்று கேட்டால் கொடுப்பார்கள். பழைய வீடு இடிக்கும் இடத்தில் கிடைக்கும் உத்தரம், கதவுச் சட்டம் ஆகியவற்றைப் பலகையாக அறுத்துக்கொள்வது இன்னும் நல்லது. பல வருஷம் காய்ந்த மரம் இனிமேல் வளையாது. சட்டத்துக்குக் கால்வனைஸ் செய்த இரும்பு, பலகைக்கு நடுவே 5, 6 மி.மீ. இடைவெளி, ஸ்க்ரூ 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். ஸ்க்ரூவில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். சாதா இரும்பு ஸ்க்ரூ ஒரே மழையில் தலையைச் சுற்றிக் கறுப்பாகக் கறை விடும்.

வார்னிஷ் அடிக்காதீர்கள், உரியும். மரத்துக்கான எண்ணெயை வருஷத்துக்கு இரண்டு முறை, ஏப்ரலில் மழைக்கு முன்னும் நவம்பரில் மழை முடிந்தும் தேயுங்கள். அதைச் செய்ய மாட்டோம் என்று உங்களுக்கே தெரிந்தால் கல் போட்டுவிடுங்கள். என் வீட்டில் இரண்டாம் முறை நான் கல்தான் போட்டேன்.

டெக் கீழ எலி, பாம்பு வந்து தங்குமா?

பாம்பைவிடப் பெருச்சாளி நிச்சயம். பெருச்சாளி வந்த பிறகு அதைத் தேடிப் பாம்பும் வரும். டெக்குக்கும் தரைக்கும் நடுவே இடைவெளி அரையடி, ஒரு அடி என்று இருந்தால்தான் ஆபத்து. அவற்றுக்கு இடம் போதும், நம் கைக்குப் போதாது. சுற்றிலும் அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் அடித்து, அதன் அடிப்பகுதியை மண்ணுக்குள் ஒரு அடி இறக்குங்கள்.

கழிவுநீர் சேம்பர் மூடி டெக்குக்கு அடியில் வந்தால் அதற்கு நேர் மேலே தூக்கி எடுக்கிற மாதிரி ஒரு சதுரப் பலகை விட வேண்டும். இதை மறந்துவிட்டு, அடைப்பு எடுக்க வந்தவர் டெக்கை அறுத்த வீடு எனக்குத் தெரியும்.

கொசுவுக்கு என்ன வழி? அஞ்சு மணிக்கு மேல உட்கார முடியலை.

டெங்கு கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். ஏழிலிருந்து பத்து நாளில் கொசுவாகிப் பறக்கும். ஆகவே பூந்தொட்டித் தட்டு, வாளி, அமுங்கிய கல்லின் பள்ளம், டெக்குக்குக் கீழே தேங்கும் தண்ணீர் இவற்றை வாரத்துக்கு ஒருமுறை காயவிட்டால் உங்கள் வீட்டுக் கொசு பாதி குறையும். டெக் அடியில் தேங்குவதற்கு வழி மேலே மழைக் கேள்வியிலேயே சொல்லியாகிவிட்டது.

மீதிப் பாதி பக்கத்துக் காலி சைட்டிலிருந்து வருவது. அதற்கு ஃபேன். கொசு பலவீனமாகப் பறக்கிற பூச்சி, காற்றை எதிர்த்து வராது. சுவரில் ஒரு ஃபேன் மாட்டிக் கால்பக்கம் காற்று வரும்படி திருப்பினால், சிட்ரோனெல்லா செடி பத்து வைப்பதைவிடப் பலன் அதிகம். வெளிப் பிளக்குக்கு மூடி உள்ள பெட்டியும், அந்த லைனில் கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் கட்டாயம். ஈரக்கால் வைக்கிற இடம் அது.

மேல ஷீட் போட்டு மூடிட்டா வெயிலும் இல்ல, மழையும் இல்ல. ஏன் வேண்டாங்கறீங்க?

முதல் காரணம் செட்பேக். வீட்டைச் சுற்றித் திறந்து விட வேண்டிய இடம் அது. அங்கே கல் பாவுவது ஒரு விஷயம், தூண் நட்டுக் கூரை போடுவது வேறு விஷயம். புகார் போனால் முதலில் கண்ணில் படுவது கூரைதான். பி.பி.எம்.பி. என்ற ஒரே பெங்களூர் மாநகராட்சி போய் ஐந்து மாநகராட்சிகள் வந்துவிட்டன, ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் அதே பக்கத்து வீட்டுக்காரர்தான். உங்கள் ஷீட் தண்ணீர் அவர் சுவரில் அடிக்கிற அன்று அவருக்கு எல்லாச் சட்டமும் ஞாபகம் வரும்.

இரண்டாவது, தகர ஷீட்டின் கீழ் மழை பெய்யும்போது பேச முடியாது, மதியத்தில் இருக்க முடியாது. பாலிகார்பனேட் வெளிச்சம் விடும், சூட்டையும் உள்ளே பிடித்து வைக்கும். உட்காரும் மூலைக்கு மட்டும் திறந்த சட்டத்தின் மேல் ரங்கூன் மல்லியோ பேஷன் ஃப்ரூட் கொடியோ ஏற்றுங்கள். இந்த ஊர்க் காற்றுக்கு இரண்டும் நன்றாக வரும். மழையைத் தடுக்காது, சரி. மழை பெய்யும்போது உள்ளே போக வேண்டியதுதான்.

ஊஞ்சல் மாட்டணும். பெர்கோலாவுல தொங்க விடலாமா?

பெர்கோலா என்பது மேலே மூடாத சட்டப் பந்தல். அலங்காரத்துக்கு அடித்ததில் ஊஞ்சல் கூடாது. மூன்று பேர் உட்கார்ந்தால் 200 கிலோ, ஆடும்போது இழுப்பு அதைவிட அதிகம். ஊஞ்சலுக்கென்றே உத்தரம் போட்டு, தூணைக் கான்கிரீட்டில் இறக்க வேண்டும், அல்லது வீட்டு பீமிலிருந்து தொங்க வேண்டும். முன்னும் பின்னும் மூன்றடி காலி இடம். நாலடிக் கொல்லைக்காரர்களுக்கு இது பதிலே இல்லை, மன்னிக்கவும்.

அம்மாவுக்கு முட்டி வலி. வீட்டுத் தரையும் டெக்கும் ஒரே மட்டமா வேணும்னு ஆசை. பண்ணலாமா?

பண்ணலாம், ஆனால் மழைக்கு வாசல் திறந்துவிடுகிறோம் என்று தெரிந்து பண்ண வேண்டும். வழக்கமாக வெளித் தரை உள்தரையைவிட நாலு முதல் ஆறு அங்குலம் தாழ்வாக இருக்கும். மழை தெறித்து உள்ளே வராமல் காப்பது அந்த ஒரு படிதான். அதை எடுத்தால், கதவுக்கு வெளியே கதவின் முழு அகலத்துக்கும் கம்பிவலை மூடிய வாய்க்கால் ஒன்றும், மேலே இரண்டடி சன்ஷேடும் வேண்டும்.

அவ்வளவு வேண்டாம் என்றால் ஒரே ஒரு படி, ஆறு அங்குல உயரம், பாதம் முழுதாக வைக்கிற மாதிரி 12 அங்குல அகலம், பக்கத்தில் பிடிக்க ஒரு கைப்பிடி. படியின் நுனியைத் தரையைவிட வேறு நிறத்தில் வையுங்கள். வயதான கண்ணுக்குச் சாம்பல் கல்லில் சாம்பல் படி தெரியாது. அம்மா உட்காரும் பெஞ்சு மட்டும் 18 அங்குலத்துக்குக் குறையவே கூடாது. தாழ்ந்த சோபாவிலிருந்து அவர் எழுந்திருக்க இன்னொருவர் கை வேண்டியிருக்கும்.

பொங்கல் வைக்கறது, பார்பிக்யூ எல்லாம் டெக் மேலயே பண்ணலாமா?

மரத்திலும் டபிள்யூ.பி.சி.யிலும் நெருப்பு கூடாது. பின்பக்கம் முழுக்க டெக் போட்டவர்கள் தை முதல் நாள் பானையைத் தூக்கிக்கொண்டு கார் ஷெட்டுக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். வரையும்போதே மூலையில் மூன்றுக்கு மூன்றடி கல் தரை விடச் சொல்லுங்கள். மூன்று செங்கல் வைத்தால் அடுப்பு, மற்ற நாளில் பூந்தொட்டி. கொடி, ஷேட் நெட், காயும் துணி எதுவும் அதன் தலைக்கு மேல் வேண்டாம்.

சதுர அடிக்கு இவ்வளவுன்னு மூணு பேர் மூணு ரேட் சொல்றாங்க. எதை நம்பறது?

எதையும் நம்பாமல், அந்த ரேட்டுக்குள் என்னென்ன அடங்கும் என்று எழுதி வாங்குங்கள். மலிவு ரேட்டில் பெரும்பாலும் பலகை மட்டும் இருக்கும். மண் எடுப்பது, கீழ்த்தரை, வடிகால், சட்டம், ஸ்க்ரூ, மெஷ், வேஸ்ட் மண் ஏற்றிப் போகும் லாரி எல்லாம் பிறகு ஒவ்வொன்றாகக் கிளம்பும். மூன்று பேரிடமும் ஒரே பட்டியலைக் கொடுத்தால் ரேட்டுகள் நெருங்கி வந்துவிடும்.

எப்ப ஆரம்பிக்கலாம்? மே லீவுல பண்ணிடலாமா?

மே மாதம் இடிமழை மாதம். ஜனவரியிலிருந்து மார்ச் வரை வேலைக்கு நல்ல காலம். ஒரே சிக்கல் தண்ணீர். 2024 மார்ச்சில் போர்வெல்கள் வற்றியபோது குடிநீரைக் கட்டுமானத்துக்கும் தோட்டத்துக்கும் கார் கழுவவும் பயன்படுத்தக் கூடாது, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் உத்தரவு போட்டது. கான்கிரீட்டுக்குக் குறைந்தது ஏழு நாள் ஈரம் வேண்டும். ஈரச் சாக்கு போட்டு மூடினால் குறைந்த தண்ணீரில் ஆகும்.

நாங்க வாடகை அபார்ட்மெண்ட். பால்கனியில, இல்ல மொட்டை மாடியில இதெல்லாம் முடியுமா?

வாடகைக்கு ஒரு அடிச் சதுரமாக ஒன்றோடொன்று கோத்து விரிக்கும் மர டைல் போதும்; காலி செய்யும்போது கழற்றி எடுத்துப் போகலாம். மாதம் ஒருமுறை தூக்கிக் கீழே பெருக்குங்கள், இல்லாவிட்டால் தண்ணீர்க் குழி வாயில் குப்பை அடைக்கும்.

எடை விஷயத்தில் விளையாடக் கூடாது. குடியிருப்பு பால்கனிக்கு இந்தியத் தரக் குறியீடு ஐ.எஸ். 875 வைக்கிற கணக்கு, சதுர மீட்டருக்குச் சுமார் 300 கிலோ பாரம். ஒரு அடி ஆழத்துக்கு நனைந்த மண்ணே சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 500 கிலோ வரும். ஆகவே மண் நிரப்பிய நீளத் தொட்டி, கல் பெஞ்சு எல்லாம் பால்கனிக்கு இல்லை. மொட்டை மாடியில் சட்டத்தைத் தரையில் துளைபோட்டுப் பொருத்தினால் வாட்டர்புரூஃபிங் போச்சு. துளை இல்லாமல் நிற்கிற பிளாஸ்டிக் பீடத்தின் மேல் வையுங்கள்.

கொல்லையில ஒரு தென்னையும் ஒரு பலாவும் இருக்கு. வெட்டிட்டு டெக் போடறதா, விட்டுட்டுப் போடறதா?

பலா நிற்கட்டும். கர்நாடகத்தில் 1976-ஆம் வருஷத்து மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பெரும்பாலான மரங்களை வெட்ட மர அதிகாரியின் அனுமதி வேண்டும், சொந்த இடமாக இருந்தாலும். சட்டம் இல்லாவிட்டாலும் பலா நிழலுக்கு ஈடாக எந்த பெர்கோலாவும் இல்லை. அடிமரத்தைச் சுற்றி ஒரு அடி காலி விட்டு டெக் கட்டுங்கள், மரம் தடிக்கும். வேருக்கு மேல் கான்கிரீட் ஊற்றாமல், மணலில் பதித்த கல்லோ தூண்மேல் நிற்கும் டெக்கோ போடுங்கள்.

தென்னை வேறு கதை. அதன் கீழே உட்காரும் இடமே வைக்காதீர்கள். ஆள் வைத்து ஒழுங்காகக் காய் பறிக்கிறோம் என்பார்கள். அந்த ஆள் வராத மாதத்தில்தான் மட்டை விழும்.

கீழ நாங்க, மாடியில அண்ணன் குடும்பம். கொல்லையில டெக் போட்டா அது யாருக்கு?

இதற்கு ஸ்கேல் வைத்துப் பதில் சொல்ல முடியாது என்றாலும், ஸ்கேல் வைத்துச் சொல்லக் கூடியது கொஞ்சம் உண்டு. மாடிக்காரர்கள் உங்கள் சமையலறை வழியாகத்தான் டெக்குக்கு வர முடியும் என்றால் அது உங்களுடையது என்று ஆகிவிடும். ஒரு மாதத்தில் வருவதை நிறுத்திவிடுவார்கள், காரணமும் சொல்ல மாட்டார்கள். பக்கவாட்டுச் சந்து வழியைச் சுத்தம் செய்து விளக்குப் போட்டு, அந்த வழியாகவும் ஒரு படி விடுங்கள். பெஞ்சை உங்கள் படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழே வைக்காதீர்கள். பதினோரு மணிக்கு அண்ணன் மகன் போனில் பேசுவான்.

அப்புறம், மாடி பால்கனித் தொட்டிகளைப் போய்ப் பாருங்கள். அண்ணி காலையில் துளசிக்கு ஊற்றும் தண்ணீர் நேராக எங்கே சொட்டுகிறதோ, அந்த இடத்தில் பலகை கறுக்கும். தொட்டிகளை உள்ளே தள்ளச் சொல்லுங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. அந்த இரண்டடிக்கு மட்டும் பலகைக்குப் பதில் கூழாங்கல் கொட்டிவிடுங்கள்.